எந்தக் கதவைத் தட்டுவது?

ஜொகூரில் சிறப்புக் குழந்தைகளுக்கான சேவைகள் பிறந்து வளர்ந்த கதை

பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "அம்மா" என்ற சொல்கூட இன்னும் வாயில் வரவில்லை. பாட்டி வசம்பை உரசி நாக்கில் தடவிப் பார்க்கிறார். "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான். இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று பெரியம்மா சமாதானம் சொல்கிறார். கோயிலில் மந்திரித்த கயிறும் கட்டியாகிவிட்டது. மாசாய், ஸ்கூடாய், கூலாய், குளுவாங், சிகாமட் என்று ஜொகூரில் தமிழர்கள் வாழும் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இப்படிப்பட்ட வீடு ஒன்றாவது இருக்கும்.

கடைசியில் ஒரு நாள் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார். கிளினிக்கில் கேட்டால் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். மருத்துவமனையில் கேட்டால் சமூகநல இலாகாவில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அங்கே போனால், மருத்துவர் கையெழுத்திட்ட பாரத்தைக் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். பள்ளிக்கூடமோ மாவட்டக் கல்வி இலாகாவைக் கைகாட்டுகிறது. இடையில் யாரோ ஒருவர், அறப்பணி மையம் ஒன்று இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள் என்கிறார். அலைந்து அலைந்து அந்தத் தாய்க்கு ஒரு வருடம் ஓடிவிடுகிறது. பிள்ளைக்கும்தான்.

ஒரே பிள்ளைக்கு ஏன் இத்தனை கதவுகள்? இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுக் கட்டவில்லை. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு கையால், ஒவ்வொரு வகைக் குழந்தைக்காகத் திறக்கப்பட்டது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் எந்தக் கதவை முதலில் தட்டவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தோட்டத்தில் இடமில்லாத பிள்ளை

ஜொகூர்த் தமிழர்களின் கதை பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு ஏற்பட்ட கிராக்கியும், 1909-இல் ஜொகூர் பாரு வரை வந்து சேர்ந்த ரயில் பாதையும் மாநிலத்தின் உட்பகுதிகளைத் தோட்டங்களாக மாற்றின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் லயங்களில் குடியேறினார்கள்.

பிள்ளைகளுக்காகத் தோட்டத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று ஆயாக் கொட்டகை. விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். இன்னொன்று தோட்டப் பள்ளி. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. ஜொகூர்த் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன.

ஆயாக் கொட்டகையை விட்டு வெளியேறும் வயது வந்தும் நடக்க முடியாத பிள்ளை எங்கே போகும்? பள்ளியில் உட்காரவைத்தாலும் பாடம் பிடிபடாத பிள்ளையை யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் பதில் இல்லை, தோட்டத்திலும் பதில் இல்லை. அக்காளோ பாட்டியோ படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். யாரும் இல்லாத வீட்டில் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போன தாய்மார்களும் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்வது எளிது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்து மருத்துவ வசதியும் அவ்வளவுதான். டிரஸர் என்று அழைக்கப்பட்ட உதவியாளர் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுப்பார். பிரசவம் பல நேரங்களில் லயத்திலேயே மருத்துவச்சியின் கையில் நடந்தது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் கைகால் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம். காரணம் தெரியாத வீடுகளில் இது முன்வினை என்றும், கர்ப்பத்தில் பார்க்கக்கூடாததைப் பார்த்ததால் வந்தது என்றும் பேசப்பட்டது. மலேசிய அரசு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, காமாலை கடுமையாகக்கூடிய ஒரு வகை நொதிக் குறைபாட்டைக் கண்டறியும் முறை 1980-களில் வந்தது. பிரசவத்துக்குப் பின் தாதிகள் வீடு தேடி வந்து குழந்தையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போவதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். எத்தனையோ பிள்ளைகளின் மூளையைக் காப்பாற்றிய வேலை அது.

பயமுறுத்திய இன்னொரு பெயரும் உண்டு. 1937-இல் தம்போயில் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று பெர்மாய் மருத்துவமனை என்று அறியப்படுவது அதுதான். வடக்கே உள்ளவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ, ஜொகூர்க்காரர்களுக்குத் தம்போய் அப்படி. ஊரின் பெயரே கேலிப் பேச்சாகிவிட்டது. வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைக்கும் மனநோய்க்கும் தொடர்பில்லை என்பதை எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை. மருத்துவரிடம் காட்டினால் தம்போய்க்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே பிள்ளைகள் வீட்டுக்குள் மறைக்கப்பட்டார்கள்.

முதலில் திறந்த கதவு

உலகம் முழுவதும் சிறப்புக் கல்வி கண் தெரியாதவர்களிடமும் காது கேளாதவர்களிடமும்தான் தொடங்கியது. தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான பாளையங்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறிஸ்துவ மிஷன் பெண்மணிகள் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கினார்கள். இலங்கையில் 1912-இல் அப்படிப்பட்ட பள்ளி ஒன்று தொடங்கப்பட்டு, பிறகு இரத்மலானையில் நிலைபெற்றது. மலாயாவில் 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு மாறிய செயின்ட் நிக்கலஸ் இல்லம்தான் பார்வையற்ற பிள்ளைகளுக்கான முன்னோடி.

இந்த வரிசையில் அடுத்த முக்கியப் பெயர் ஜொகூருக்குச் சொந்தம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தின் பஞ்சமும் நோயும் நாட்டை உலுக்கிப் போட்டிருந்த நேரத்தில், 1946-இல் சமூகநல இலாகா உருவாக்கப்பட்டது. 1940-களின் இறுதியில் ஜொகூர் பாருவில் பிரின்சஸ் எலிசபெத் பார்வையற்றோர் பள்ளி எழுந்தது. தங்கும் விடுதியோடு கூடிய இந்த ஆரம்பப்பள்ளிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். இங்கே ஆரம்பக் கல்வி முடித்தவர்கள் இடைநிலைக் கல்விக்குக் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் உள்ள பள்ளிக்குப் போகும் வழியும் பின்னர் ஏற்பட்டது. இன்றும் அது தேசிய சிறப்புக் கல்விப் பள்ளியாக இயங்கி வருகிறது.

1951-இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் தொடங்கப்பட்டது. 1954-இல் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி பினாங்கில் திறக்கப்பட்டது. அதே 1950-களின் தொடக்கத்தில் ஜொகூர் பாருவில் 'ஜாரோ' என்ற மறுவாழ்வு அமைப்பு உருவாகி, உடற்பேறு குறைந்தவர்களுக்குப் பிரம்புக் கூடை பின்னுதல், புத்தகம் கட்டுதல் போன்ற கைத்தொழில்களில் பயிற்சியும் வேலையும் கொடுத்தது.

கண் தெரியாத பிள்ளைக்குப் பள்ளி வந்தது. காது கேளாத பிள்ளைக்கும் வந்தது. வளர்ந்தவர்களுக்கு வேலையும் வந்தது. ஆனால், மூளை வாதத்தால் உட்கார முடியாத பிள்ளைக்கும், அறிவு வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கும் இன்னும் எந்தக் கதவும் திறக்கவில்லை. பிரெய்லியும் கைச்சாடையும் இருந்தால் முதல் இரண்டு பிள்ளைகளும் மற்றவர்கள் படிக்கும் அதே பாடத்தைப் படிக்கலாம். மூன்றாவது பிள்ளைக்கோ பாடத்தையே மாற்ற வேண்டும். அதற்கு அரசாங்கம் தயாராக இல்லை.

பெற்றோரும் தொண்டர்களும் கட்டிய கதவு

அரசாங்கம் தயங்கிய இடத்தில் பெற்றோரும் மருத்துவர்களும் தொண்டர்களும் முன்வந்தார்கள். 1957-இல் சிங்கப்பூரில் மூளை வாதம் கண்ட பிள்ளைகளுக்கான ஸ்பாஸ்டிக் சங்கம் தொடங்கப்பட்டது. 1960-இல் சிலாங்கூரிலும் அப்படி ஒரு சங்கம் உருவானது. ஜொகூர் பாருவிலும் ஸ்பாஸ்டிக் பிள்ளைகளுக்கான சங்கம் ஒன்று தோன்றி, உடற்பயிற்சிச் சிகிச்சையும் எளிய பாடங்களும் தரும் மையத்தை நடத்தியது. 1964-இல் சிலாங்கூரில் அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான சங்கம் பிறந்தது. ஆட்டிசம் என்ற சொல்லையே பலரும் கேள்விப்படாத 1987-இல் தேசிய ஆட்டிசம் சங்கம் நிறுவப்பட்டது. பின்னர் அதன் மையம் ஜொகூர் பாருவுக்கும் வந்தது. கிவானிஸ் தொண்டர்களின் ஆதரவில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான மையமும் ஜொகூர் பாருவில் இயங்கத் தொடங்கியது.

இந்தச் சங்கங்கள் செய்த பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. நன்கொடை விருந்து வைத்தும் உண்டியல் குலுக்கியும்தான் ஒரு சிகிச்சையாளரின் சம்பளம் சேர்ந்தது. ஆனால், இவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. மையங்கள் பட்டணத்தில் இருந்தன. பிள்ளையைக் காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் அழைத்துப்போகக் கார் வேண்டும். கூட்டம் என்றால் ஆங்கிலத்திலோ சீனத்திலோதான் பேச்சு. கோத்தா திங்கியிலோ லாபிஸ் பக்கத்துத் தோட்டத்திலோ இருந்த ஒரு தமிழ்த் தாய்க்கு, ஜொகூர் பாரு மையம் நிலாவுக்குச் சமமான தூரத்தில் இருந்தது.

யார் பொறுப்பு?

1980-களில் அரசாங்கம் பொறுப்பைப் பங்கிட்டது. குறைபாட்டைச் சீக்கிரமாகக் கண்டுபிடிப்பது சுகாதார அமைச்சின் வேலை. பார்வை, செவிப்புலன் குறைபாடு உள்ளவர்களுக்கும், லேசான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கல்வி கொடுப்பது கல்வி அமைச்சின் வேலை. உடல் ஊனமுற்றவர்களும், நடுத்தர, கடுமையான குறைபாடு உள்ளவர்களும் சமூகநலத் துறையின் பொறுப்பு.

இன்று ஒரு தாய் கிளினிக், சமூகநல அலுவலகம், கல்வி இலாகா என்று மூன்று இடங்களுக்கு நடப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அலுவலகங்களுக்கு இந்தப் பிரிவினை வசதியாக இருந்தது. ஆனால் பிள்ளை அப்படிப் பிரிந்து பிறப்பதில்லை. கால் வலுவில்லாத பிள்ளைக்குப் பேச்சும் தெளிவில்லாமல் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தும், தானாகக் கழிவறைக்குப் போகத் தெரியாமல் இருக்கலாம். எந்த அமைச்சின் பட்டியலில் இவர்களைச் சேர்ப்பது?

ஊருக்குள் வந்த மறுவாழ்வு

இந்த நேரத்தில்தான் உலக அளவில் ஒரு புதிய எண்ணம் பரவியது. 1978-இல் அல்மா அத்தா நகரில் நடந்த மாநாடு, சுகாதாரம் என்பது பெரிய மருத்துவமனைக்குள் மட்டும் இருக்கக் கூடாது, மக்கள் வாழும் இடத்துக்கே போகவேண்டும் என்று அறிவித்தது. உடற்பேறு குறைந்தவர்களின் மறுவாழ்வுக்கும் உலக சுகாதார நிறுவனம் அதே பாதையை எடுத்தது. நிபுணரிடம் பிள்ளை போவதற்குப் பதில், நிபுணரின் பயிற்சியை எளிமையாக்கி அம்மாவிடமும் அண்டை வீட்டாரிடமும் கொடுத்துவிடலாம் என்பதே அதன் சாரம். இதற்காக எழுதப்பட்டு 1989-இல் வெளிவந்த பயிற்சிக் கையேட்டின் ஆசிரியர்களில் ஒருவர் பத்மானி மெண்டிஸ். இலங்கையைச் சேர்ந்த உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் அவர்.

மலேசியாவில் இந்தத் திட்டம் 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட் வட்டாரத்தில் 55 பேருடன் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி, அதாவது சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வு என்று அதற்குப் பெயர். சுருக்கமாகப் பி.டி.கே. என்றும், மையத்தைப் பி.பி.டி.கே. என்றும் சொல்வார்கள். பின்னர் இது எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. இன்று நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஜொகூரிலும் மாவட்டந்தோறும் உண்டு.

இந்த மையங்கள் இயங்கும் முறை பலருக்குத் தெரியாது. சமூகநல இலாகா மானியமும் பணியாளர்களுக்கு உதவித்தொகையும் தருகிறது. ஆனால், மையத்தை நடத்துவது பெற்றோரும் ஊர் மக்களும் அடங்கிய உள்ளூர்ச் செயற்குழு. சேவை மூன்று வகை. பிள்ளை மையத்துக்கு வந்து பயிற்சி பெறலாம். வரமுடியாத பிள்ளையைப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்கலாம். இரண்டும் கலந்தும் நடக்கலாம். உட்காரவும் நடக்கவும் பயிற்சி, கரண்டி பிடிக்கவும் பொத்தான் போடவும் பயிற்சி, பேச்சு, பிறரோடு பழகுதல், எழுத்துக்கும் கணக்குக்கும் முந்திய அடிப்படைப் பாடங்கள் என்று வேலை நடக்கிறது.

பொத்தான் போடுவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பள்ளியில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை அதுபோன்ற விஷயங்களே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது.

பள்ளிக்கூடத்தின் வாசல்படி

1988-இல் கோலாலம்பூர் ஜாலான் பீல் தேசியப் பள்ளியில், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான முதல் சோதனை வகுப்பு தொடங்கியது. சாதாரணப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அவர்களுக்கென்று தனி வகுப்பு, சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர், உதவியாளர் என்ற ஏற்பாடு அது. ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அழைக்கப்படும் இந்த முறை பிற மாநிலங்களுக்கும் வந்தது. 1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய உலக மாநாடு, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளியே ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

மலேசியாவின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு ஒரு தனி அத்தியாயத்தையே ஒதுக்கியது. பெற்றோர் மகிழ்ந்தார்கள். ஆனால், அதைச் செயல்படுத்த 1997-இல் வந்த விதிமுறைகளில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பிறர் உதவியின்றித் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக் கூடிய பிள்ளையாக இருக்கவேண்டும். தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்ற முடியும் என்று மருத்துவரும் அதிகாரிகளும் அடங்கிய குழு சொல்லவேண்டும். கடுமையான குறைபாடு உள்ளவர்களும் பல குறைபாடுகள் சேர்ந்தவர்களும் அந்த வாசல்படியைத் தாண்ட முடியவில்லை. தானாகச் சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் தெரிந்தால் வகுப்பு, தெரியாவிட்டால் வீடு என்பதே நடைமுறையில் அதன் பொருள்.

2003-இல் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அப்போதும் இந்தப் பிள்ளைகளின் நிலை பெரிதாக மாறவில்லை. 2008-இல் உடற்பேறு குறைந்தவர்களுக்கான சட்டம் வந்தது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் விலக்கக் கூடாது என்று அது சொன்னது. மீறினால் தண்டனை என்ற பிரிவு இல்லாததால், பல்லில்லாத சட்டம் என்ற குறைகூறலும் கூடவே எழுந்தது. 2010-இல் ஐ.நா.வின் உடற்பேறு குறைந்தோர் உரிமை உடன்படிக்கையை மலேசியா ஏற்றுக்கொண்டது. 2013-இல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் புதிதாக எழுதப்பட்டன. அதே ஆண்டில் வெளியான கல்வி மேம்பாட்டுத் திட்டம், 2025-க்குள் சிறப்புத் தேவையுடைய மாணவர்களில் 75 விழுக்காட்டினரைப் பொது வகுப்புகளோடு இணைக்க இலக்கு வைத்தது.

கடைசியாக 2019-இல் கல்வி அமைச்சு 'ஒருவரையும் நிராகரிக்கக் கூடாது' என்ற கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறைபாடு எதுவாக இருந்தாலும் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். இதில் ஒரு பொருத்தத்தையும் கவனிக்கலாம். ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரிலும் அதே 2019-இல்தான் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் விரிவாக்கப்பட்டது. விடியுமுன் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் ஜொகூர்த் தந்தையர் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவது உண்டு. ஆனால் அந்தச் சட்டம் சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்கு. ஜொகூர்ப் பிள்ளையின் உரிமை ஜொகூரில்தான் இருக்கிறது. அதை இங்கேதான் கேட்டுப் பெறவேண்டும்.

தமிழ் வீட்டுக்கு இன்னும் ஒரு படி அதிகம்

ஜொகூரின் பழைய தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் கொடுத்தன. 2006-இல் இஸ்கந்தார் வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் தென் ஜொகூரின் முகமே மாறியது. லயத்திலிருந்தவர்கள் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். சேவை மையங்கள் தூரத்தில் இல்லை இப்போது. ஆனால், லயத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும் சிதறிப்போனார்கள். ஐந்தாவது மாடியில், பூட்டிய கம்பிக் கதவுக்குள், தாயும் பிள்ளையும் மட்டும்.

அடுத்தது மொழி. வீட்டில் பிள்ளை கேட்பது தமிழ். பேச்சுப் பயிற்சியோ மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், சிறப்புக் கல்வி வகுப்பு இருப்பது அவற்றில் சிலவற்றில்தான். எனவே அண்ணன் தமிழ்ப்பள்ளியிலும், சிறப்புத் தேவையுடைய தம்பி பக்கத்துத் தேசியப் பள்ளியிலும் படிப்பது சாதாரணம். சில வீடுகளில் இதற்காகவே பிள்ளையிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். இது தேவையற்ற இழப்பு. பேச்சு தாமதமான பிள்ளைக்கு இரண்டு மொழி கேட்பதால் தீங்கு வருவதில்லை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. மேலும், பாட்டியோடு பேச முடியாத பிள்ளைக்குப் பாதி வீடு மூடிக்கிடக்கும்.

தமிழ்ச் சமூகத்தால் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சான்று தென்காசி பக்கத்தில் இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அவர் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மறுவாழ்வுப் பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, வளர்ச்சி தாமதமான குழந்தைகளை வீட்டிலேயே கண்டறிந்து, தாய்க்குத் தமிழிலேயே பயிற்சி கற்றுக்கொடுக்கும் முறை அங்கே வேரூன்றியது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பட்டணத்திலிருந்து வெகுதூரத்தில் உள்ள சிற்றூரில் நடந்த வேலை இது.

எங்கே தொடங்குவது?

இவ்வளவு வரலாறும் சொல்லும் பாடம் ஒன்றுதான். கதவுகள் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. எனவே வரிசை தெரிந்து தட்டவேண்டும்.

முதல் கதவு, தடுப்பூசி போடும் அதே தாய்சேய் நல கிளினிக். குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில், எந்த மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்ற வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. 18 மாதத்தில் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலும் நிரப்பப்படுகிறது. தாதி கேட்கும் கேள்விக்கு, எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு வருவதுதான் பல வீடுகள் செய்யும் முதல் தவறு. சந்தேகம் இருந்தால் அங்கேயே சொல்லவேண்டும். அங்கிருந்துதான் ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் போன்ற அரசு மருத்துவமனைகளின் குழந்தை நல நிபுணரிடம் கடிதம் போகும். காது கேட்கிறதா என்ற சோதனையை முதலில் கேட்டு வாங்குவது நல்லது. பேசாத பிள்ளைக்குக் காது கேளாமையும் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது கதவு மாவட்டச் சமூகநல அலுவலகம். மருத்துவர் உறுதிப்படுத்திய பாரத்தோடு பதிவு செய்தால் ஓ.கே.யு. அட்டை கிடைக்கும். பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல குறைபாடுகள் சேர்ந்தது என ஏழு பிரிவுகள் அதில் உண்டு. அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் சிக்கல் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டால் உதவித்தொகை முதல் சிறப்பு வகுப்பு வரை பல வழிகள் அடைபடும் என்பதே உண்மை. வீட்டுக்கு அருகிலுள்ள பி.பி.டி.கே. மையம் எது என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்கலாம். பள்ளி வயது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது கதவு மாவட்டக் கல்வி இலாகா. எந்தப் பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது, எதில் இடம் இருக்கிறது என்பதை அங்கேதான் அறியமுடியும். தமிழ்ப்பள்ளியில் வகுப்பு வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேட்பதும் அங்கேதான். புதிய பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத கண்காணிப்புக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளை அழுகிறது, அடம்பிடிக்கிறது என்று நிறுத்திவிடாமல் ஆசிரியரோடு பேசுவது முக்கியம்.

நான்காவது, சங்கங்களும் அறப்பணி மையங்களும். அரசாங்க வரிசையில் பேச்சுப் பயிற்சிக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் காத்திருக்க வேண்டிவரும். அந்த இடைவெளியை நிரப்ப இவை உதவும். அதைவிட முக்கியமாக, அதே பாதையில் முன்னால் நடந்த இன்னொரு தாயை அங்கே சந்திக்கலாம்.

இந்த நான்கில் எதற்கும் தமிழர்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இவை உரிமைகள். ஆனால் பாரத்தை வாசித்து நிரப்பவும், தாயோடு கூடப் போகவும், அதிகாரியிடம் மலாயில் விளக்கிச் சொல்லவும் ஒரு துணை வேண்டும். ஊருக்கொரு கோயில் நிர்வாகம் இருக்கிறது. பள்ளிக்கொரு பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. மணிமன்றங்களும் மாதர் பிரிவுகளும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, விவரம் தெரிந்த இருவர் உட்கார்ந்தால் போதும். பி.பி.டி.கே. செயற்குழுவில் ஊர்மக்களுக்கு இடம் உண்டு. அந்த நாற்காலிகளில் தமிழர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஊரும் கணக்குப் பார்க்கலாம்.

அன்று தோட்டத்தில் கதவைச் சாத்திவிட்டு மரம் வெட்டப் போன தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய தாய்க்கு வழி இருக்கிறது. அது இருப்பதை அவளுக்கு யார் சொல்வது, எந்த வயதில் பிள்ளை அங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சியும் ஏழு வயதில் தொடங்கும் பயிற்சியும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தால், "சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகராமல், "நாளைக்குக் கிளினிக் போவோமா, நானும் வர்றேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.